பொச்சாவாமையும் பிரமாதமும்

எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு தகரப் பலகை தொங்கும். மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே தெலுங்கில் ஒரே ஒரு சொல். திருத்தணியிலிருந்து லீவுக்கு வந்திருந்த அத்தை மகனுக்கு நான் தெலுங்கு எழுத்து சொல்லிக்கொடுத்த கோடை அது. அவன் எழுத்து எழுத்தாகக் கூட்டி, "பிர... மா... தம்" என்று படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "கரண்டு கம்பத்துல என்னடா பிரமாதம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியதில்லை. ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் வளர்கிற எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தறிக்கூடத்தில் இரண்டும். ஆயா வைத்த மீன்குழம்பு பிரமாதம். புத்தூர் ரோட்டில் லாரி கவிழ்ந்தால் அதுவும் பிரமாதம். முதலாவது தமிழ், இரண்டாவது தெலுங்கு. தெலுங்கில் அந்தச் சொல்லுக்கு விபத்து, ஆபத்து என்று பொருள்.

வெகுநாள் கழித்துத்தான் இரண்டுக்கும் தாய் ஒன்று என்று தெரிந்தது. வடமொழியில் 'பிரமாத' என்பதற்கு விபத்து என்பதும் முதற்பொருள் இல்லை, அருமை என்பதும் முதற்பொருள் இல்லை. கவனம் தப்புவது, மெத்தனமாக இருந்துவிடுவது என்பதே பொருள். அதன் வேர் களிப்பையும் மயக்கத்தையும் குறிப்பது. 'மதம்' அந்தப் பக்கத்துச் சொல்தான். மகிழ்ச்சியில் தன்னை மறந்தவன் கால் தவறுகிறான். தெலுங்கு அந்தக் கால் தவறியதை எடுத்துக்கொண்டது. தமிழ் அந்தக் கிறக்கத்தின் மிகுதியை எடுத்துக்கொண்டது. நடுவில் இருந்த பொருள், மறதி, இரண்டு மொழியின் பேச்சிலும் காணாமல் போயிற்று.

அந்த நடுப்பொருளின் எதிர்ச்சொல்தான் இந்தக் கட்டுரையின் பொருள். பாலியில் அது 'அப்பமாத'. தம்மபதத்தின் இரண்டாம் அத்தியாயத்துக்கு அதுவே பெயர். புத்தர் கண்மூடுமுன் சீடர்களுக்குச் சொன்ன கடைசி அறிவுரையும் அதுவே என்பது பௌத்த மரபு. இன்றும் புயல் சின்னம் உருவானால் தெலுங்குச் செய்தித்தாள்கள் 'அப்ரமத்தம்' என்றே எழுதுகின்றன. தமிழுக்கு இரவல் தேவைப்படவில்லை. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி. அதிலும் நன்றாக இருக்கும்போது வருகிற மறதி. அந்த அதிகாரத்தின் முதல் குறளே, பெருமகிழ்ச்சியில் வரும் மறதி அளவுகடந்த கோபத்தைவிடத் தீயது என்று தொடங்குகிறது. களிப்பையும் கெடுதலையும் ஒரே மூச்சில் கட்டுகிற அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருமுனைப் பலகைதான் நினைவுக்கு வந்தது. பிரமாதம் என்ற சொல்லின் இரண்டு பிய்ந்த துண்டுகளும் வள்ளுவரிடம் ஒட்டியபடியே இருக்கின்றன.

பொச்சாவாமை அரசனுக்குச் சொன்னது. அதற்கு முந்தியது சுற்றந்தழால், பிந்தியது செங்கோன்மை. சுற்றத்தை அணைத்துக்கொள்வதற்கும் நீதியாக ஆள்வதற்கும் நடுவில் இதை வைத்த ஒழுங்கு தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறர் மேல் கண் வைப்பதைப் பற்றிப் பேச ஒற்றாடல் என்று தனி அதிகாரம், 59ஆவது, பிறகு வருகிறது. தன்னைத் தான் மறவாதிருப்பது வேறு, பிறரை வேவு பார்ப்பது வேறு என்று வள்ளுவர் தெளிவாகப் பிரித்தார். நாம் இன்று இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டோம். விழிப்பைச் சொல்லும் நம் சொற்களில் தன்னைப் பார்க்கும் சொற்கள் தேய்ந்துகொண்டே வர, பிறரைப் பார்க்கும் சொற்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. இது எனக்கு உண்மையான கவலை. ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் கவலையின் காரணம் தெரியும்.

முதலில் தூங்காமையிலிருந்து பிறந்த சொற்கள். விழிப்பு நமக்கே தெரியும். ஜாக்கிரதை என்பது 'ஜாக்ரத்', அதாவது கனவும் உறக்கமும் அல்லாத நனவுநிலை. சிவராத்திரிக்குக் காளத்தியில் கண்விழிப்பதைத் தெலுங்குக்காரர்கள் 'ஜாகாரம்' என்பார்கள், அதே வேர். தெலுங்கின் 'மெலகுவ'வுக்கு விழித்திருத்தல் என்று பொருள்; எங்கள் தறிக்கூடங்களில் தொழில் நுணுக்கத்துக்கும் அந்தச் சொல்லையே சொல்வார்கள். தூக்கம் கலைந்தவனுக்கே நுணுக்கம் பிடிபடும் என்பது போல. எச்சரிக்கை என்ற சொல்லின் உறவு கன்னடத்து 'எச்சர', அதற்கும் விழித்த நிலை என்றே பொருள். ராஜா வரும்போதும் சாமி புறப்படும்போதும் கட்டியம் கூறுகிறவர்கள் 'ஹெச்சரிக' என்று குரல் கொடுத்தார்கள். அந்தப் பெயரில் ஒரு பாட்டு வகையே உண்டு, தியாகராஜரும் அதில் செய்திருக்கிறார். உருது வழி வந்த உஷாருக்குள் இருக்கும் 'ஹோஷ்', சுயநினைவு. ஆங்கிலத்தின் விஜிலென்ஸும் இந்தக் கூட்டம்தான்: லத்தீனில் 'விஜில்' என்றால் விழித்திருப்பவன். ரோமாபுரியில் அகஸ்டஸ் மன்னன் கி.பி. 6இல் ஏற்படுத்திய இரவுக் காவலும் தீயணைப்பும் சேர்ந்த படைக்கு 'விஜிலஸ்' என்று பெயர், விழித்திருப்பவர்கள்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியும் பாரசீகமும் லத்தீனும் இந்த ஒரு குணத்துக்குப் பெயர் தேடிப் போய், எல்லாம் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன: கண்மூடாதே.

இதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு தனிச்செல்வம் இருக்கிறது. திருமலையில் தினமும் விடியலுக்கு வெகு முன்பே சாமியைச் சுப்ரபாதம் சொல்லி எழுப்புகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணன் செய்தது அது. மார்கழி பிறந்தால் அது நின்று ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கும். தெலுங்கு நாட்டு மலையில் ஒரு மாதம் முழுக்க ஏழுமலையான் தமிழில் கண்விழிக்கிறார். ஆனால் வைணவத் தமிழ் அந்த உறக்கத்துக்கே வேறு பெயர் வைத்திருக்கிறது: அறிதுயில். எல்லாம் அறிந்தபடியே தூங்குவது. எங்கள் ஊரிலிருந்து நாகலாபுரம் தாண்டிப் போனால் சுருட்டப்பள்ளி. அங்கே சிவனே படுத்திருக்கிறார், நஞ்சுண்ட களைப்பில் அம்பிகை மடியில் தலைவைத்து. கண்மூடாமை மட்டும்தான் விழிப்பு என்று நினைக்கும் சொற்களுக்கு நடுவே, கண்மூடியும் விழித்திருக்கலாம் என்று சொல்கிற ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. கண் திறந்திருந்தும் எதையும் பார்க்காமல் இருப்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம் என்பதால் இந்தச் சொல்லின் அருமை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அடுத்தது கண்ணிலிருந்து பிறந்த சொற்கள். இங்கேதான் போக்கு மாறுகிறது. கண்காணி பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் கணக்கையும் கொடையையும் மேற்பார்த்தவர்களை 'ஸ்ரீமாகேஸ்வரக் கண்காணி' என்று பொறித்திருக்கிறார்கள். அது மரியாதையான பொறுப்பு. அதே சொல் 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் போயிற்று. கங்காணி ஆயிற்று. தன் ஊர்க்காரர்களையும் சொந்தக்காரர்களையும் முன்பணம் கொடுத்து அழைத்துப்போனவர், கடனை அவர்கள் தலையில் ஏற்றியவர், லயம் என்ற வரிசை வீடுகளில் யார் வந்தார் யார் வரவில்லை என்று விடியற்காலையில் கணக்கெடுத்தவர். ஆங்கில அகராதிக்குள் தமிழ் கொண்டுபோய்ச் சேர்த்த சொற்களில் இதுவும் ஒன்று. மலையகத் தமிழர் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் கசப்பு எந்த அகராதியிலும் இல்லை.

தெலுங்கில் இதற்கு இணை 'நிகா'. பாரசீகத்தில் 'நிகாஹ்' என்றால் பார்வை. போலீஸ் ஒருவன்மேல் 'நிகா' வைத்திருக்கிறது என்றால் அவன் போகும் இடமெல்லாம் கண் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கடைத்தெருவில் தமிழ் பேசுகிறவர்களும் அப்படியே சொல்கிறோம்.

சர்க்கார் விஜிலென்ஸ் என்ற சொல்லை எடுத்துக்கொண்டபோது தமிழில் இந்தக் கண் வரிசைக்குள்தான் கொண்டுபோய் வைத்தார்கள். தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைந்த ஊழல் தடுப்புக் குழுவின் பரிந்துரையால் 1964 பிப்ரவரியில் மத்திய விஜிலென்ஸ் ஆணையம் பிறந்தது. அதற்குச் சட்டத்தின் அடித்தளம் 2003இல்தான் கிடைத்தது. தமிழில் அதை ஊழல் கண்காணிப்பு ஆணையம் என்கிறோம். தமிழ்நாட்டின் துறைப் பெயரிலும் கண்காணிப்பு இருக்கிறது. மக்கள் வாயில் அது லஞ்ச ஒழிப்புப் போலீஸ். 'விழிப்புப் பணி' என்ற அழகான பெயரும் அலுவலகத் தமிழில் புழங்கியது. எனக்கு அதுதான் சரியான பெயர். கண்காணிப்பு என்னும்போது தவறு செய்கிறவர் வேறு, பார்க்கிறவர் வேறு. விழிப்பு என்னும்போது அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். சர்தார் பட்டேல் பிறந்த அக்டோபர் 31ஐ ஒட்டி ஆண்டுதோறும் ஒரு வாரம் அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள் அல்லவா, அதன் தமிழ்ப் பதாகைகளைப் பாருங்கள்: 'கண்காணிப்பு விழிப்புணர்வு வாரம்'. ஒரு சொல்லில் இருக்க வேண்டியதை இரண்டாக உடைத்து, விழிப்பை வெறும் தகவல் தெரிந்துகொள்வதாக ஆக்கிவிட்டோம். டெங்கு விழிப்புணர்வு, தலைக்கவச விழிப்புணர்வு. நோட்டீஸ் கொடுத்தால் முடிந்தது.

திருமலையில் விஜிலென்ஸ் என்றால் எந்தப் பக்தருக்கும் விளக்கம் தேவையில்லை. தேவஸ்தானத்தின் பாதுகாப்புப் பிரிவுக்குப் பெயரே அது, தலைமையில் ஒரு மூத்த அதிகாரி. உண்டியல் பணத்தை எண்ணும் பரகாமணிக்குள் போகிறவர்கள் பை வைக்காத உடையில்தான் போக வேண்டும். எண்ணும் கைகளின் மேல் கேமராக்கள் இருக்கும். அவ்வளவு காணிக்கை குவியும் இடத்தில் இது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய ஊர்க்கோயில் தர்மகர்த்தாக்களைப் பற்றி எங்கள் ஆயா சொல்லும்போது 'சாமி பாக்குதுன்னு பயம் இருந்துச்சி' என்பாள். பார்வை மேலேயிருந்து கேமராவாக வருவதற்கு முன் உள்ளே எங்கேயோ இருந்தது.

மூன்றாவது காவல். இது கண்ணும் அல்ல, தூக்கமும் அல்ல, பொறுப்பு. இடைக்காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரியே உண்டு, ஊரைக் காப்பவருக்கு ஊர் கொடுத்தது. சித்தூர்ச் சீமை முழுக்கப் பாளையக்காரர்கள் காவலுக்கென்று பங்கு வாங்கினார்கள். 1800களின் தொடக்கத்தில் கம்பெனிப் படை அவர்களை அடக்கியது. 1859இல் வந்த சென்னைப் போலீஸ் சட்டத்தோடு காவல் ஊர்க்கையைவிட்டு முழுக்கச் சர்க்கார் கைக்குப் போனது.

காவல் எப்போது கெட்டுப்போகிறது என்பதைத் திருப்பதி ஒவ்வொரு மே மாதமும் நடித்துப் பார்க்கிறது. தாதய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையின் கதை அதுதான். அந்தப் பகுதியைக் காக்க வேண்டிய பாளெகாடு, அதாவது பாளையக்காரன், பெண்களைத் தொல்லை செய்கிறான். வேலியே பயிரை மேய்கிறது. கங்கம்மா அவனைத் தேடிப் புறப்படுகிறாள், அவன் ஒளிந்துகொள்கிறான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேஷத்தில் அவள் தெருத்தெருவாக அலைகிறாள். பைராகியாக, தோட்டியாக, கடைசியில் துரையாக. தன்னைவிடப் பெரியவர் வந்திருக்கிறார் என்று நம்பி அவன் வணங்க வெளியே வருகிறான், தலை போகிறது. இன்றும் ஆண்கள் சேலை கட்டி வேஷம் போட்டு அந்தத் தெருக்களில் நடக்கிறார்கள். காவல்காரன் தூங்கினால் அல்ல, காவல்காரன் பொச்சாந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது. அதிகாரத்தின் களிப்பில் தான் யார் என்பதை மறந்தவன் அவன்.

அதே திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் 2013 டிசம்பரில் செம்மரக் கடத்தலைத் தடுக்கப் போன இரண்டு வன அதிகாரிகளைக் கொன்றார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அதிரடிப்படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டப் போன 20 பேர் செத்தார்கள். திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து மலைகிராமங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். காட்டைக் காப்பது வேண்டும். மரத்தை வாங்கி விற்கும் பெரிய கைகளின் மேல் இல்லாத கண், கோடாரி பிடித்த கைகளின் மேல் மட்டும் இருந்தால் அதற்குக் காவல் என்ற பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வாய்ச்சொற்கள் தனி. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது தெலுங்கு அம்மா 'ஜாக்ரத்த' என்கிறாள். மதுரைப் பக்கம் 'சூதானம்' என்கிறார்கள். எங்கள் வீட்டில் 'பத்திரம்'. 'பத்ர' என்றால் மங்கலம், நலம். மற்ற சொற்களெல்லாம் கேட்பவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்கின்றன. பத்திரம் மட்டும் நீ நலமாக இருக்க வேண்டும் என்ற ஆசையையும் சேர்த்துச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொண்டுபோய்க் கொன்ற பிறகு அங்கே எல்லாம் மாறியது. மதியம் இரண்டு மணிக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதியில்லை என்றார்கள், கூட்டமாகப் போகச் சொன்னார்கள், கையில் தடி கொடுத்தார்கள். அந்த நாட்களில் நான் ஏறினேன். 3,550 படிகளிலும் எச்சரிக்கைப் பலகைகளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு முன்னால் போன ஒரு பாட்டி பேத்தியின் பாவாடை நுனியைத் தன் முந்தானையோடு முடிந்திருந்தாள். மூச்சு வாங்க உட்காரும்போதும் முடிச்சை அவிழ்க்கவில்லை.

ஆனால் விழிப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? இந்தக் கேள்விக்கு 1948இல் இங்கிலாந்தில் நார்மன் மெக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு கடிகாரத்தை வைத்து விடை தேடினார். போர்க்காலத்தில் ரேடார் திரையைப் பார்த்து நீர்மூழ்கிகளைத் தேடியவர்கள் நேரம் போகப் போகத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. அவருடைய கடிகார முள் விநாடிக்கு ஒருமுறை நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டையாகத் தாவும். அந்தத் தாவலைச் சொன்னால் போதும். அரை மணிநேரத்துக்குள்ளேயே நல்ல பயிற்சி பெற்றவர்களும் தவறவிடத் தொடங்கினார்கள். அக்கறை குறைவதல்ல காரணம். எதுவும் நடக்காத நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்குப் பெருஞ்சுமை.

நகரி வழியாகப் போகும் அரக்கோணம்–ரேணிகுண்டா மின்ரயில்களின் எஞ்சினுக்குள் இந்த உண்மையை ஏற்றுக்கொண்ட ஒரு கருவி இருக்கிறது. லோகோ பைலட்டுகள் அதை 'விசிடி' என்பார்கள். 60 விநாடி ஓட்டுநர் எந்தக் கைப்பிடியையும் தொடாவிட்டால் விளக்கு மினுக்கும். சுமார் எட்டு விநாடியில் பட்டனை அழுத்தாவிட்டால் மணி அடிக்கும். இன்னும் எட்டு விநாடி, பிறகு ரயில் தானே பிரேக் போட்டு நிற்கும். பக்கத்து உதவி லோகோ பைலட்டோடு ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். பச்சை, பச்சை. மஞ்சள், மஞ்சள். கண் பார்த்ததை வாய் சொல்லி, காது கேட்டுத் திரும்பத் தருகிறது. இந்த வேலைக்கு நான் கண்காணிப்பு என்று பெயர் சொல்ல மாட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் விழிக்க வைத்துக்கொள்கிறார்கள்.

யாரோ ஓட்டும் ரயிலைச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஏகாம்பரகுப்பத்திலும் நகரியிலும் தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடிய காலம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு தறி. ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும், ஆபத்தில்லை. பாவு நூல் அறுந்தால் அந்தப் பழைய தறிகள் நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த ஒரு இழை பக்கத்து இழையில் சிக்கி, லுங்கித் துணியில் கை அகலத்துக்குப் பழுது விழுந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் தறிக்காரர்கள் கண்ணை நம்புவதில்லை. நாடா பாயும் சத்தத்தைக் கேட்பார்கள்.

ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு அண்ணன் தறி ஓட்டுவார். அப்பா பகலெல்லாம் ஓட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கயிற்றுக்கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்குவார். நாலு தறியின் இரைச்சலில் எங்களுக்கு மெதுவாகப் பேசினால் கேட்காது. ஒரு ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவர் குறட்டை சட்டென்று நின்றது. கண் திறக்கவில்லை. எனக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை.

"மூணாவது தறி," என்றார். "பாவு போயிருக்கு. அண்ணனைப் பாக்கச் சொல்லு."

நான் ஓடிப் போய்ச் சொன்னேன். அண்ணன் மூன்றாவது தறியை நிறுத்தி, குனிந்து, விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு இழையைத் தூக்கிக் காட்டினார். முடிச்சுப் போட்டுத் தறியைத் திருப்பி ஓட்டிவிட்டார். நான் திரும்பி வந்தபோது அப்பாவின் குறட்டை மறுபடி தொடங்கியிருந்தது.